இணையம் வீட்டைக் காலி செய்ததா, அடைத்ததா?

கொருக்குப்பேட்டை வாசகரின் கேள்வி, 4 ஜனவரி 2025, காலை

இணையத்தில் அதிகம் மூழ்குவதால் வீடு அடைசலாகிறது, பொழுதுபோக்குகள் அழிகின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். என் வீட்டில் நடந்தது நேர்மாறானது. ஒலிநாடாக்கள் போயின, குறுந்தகடுகள் போயின, நாளிதழ் நின்றது. புகைப்பட ஆல்பம், அலாரம் கடிகாரம், டார்ச் விளக்கு, வானொலிப் பெட்டி எல்லாம் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. ஓர் அலமாரியையே தூக்கிக் கொடுத்துவிட்டோம். இணையத்துக்கும் அடைசலுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா, அல்லது நம் சோம்பலுக்குப் பழி போட ஓர் ஆள் கிடைத்திருக்கிறதா?

4 ஜனவரி, இரவு, என் பதில்

நண்பர் தந்த பட்டியலை நான் மறுக்கவில்லை. என் வீட்டிலும் அவையெல்லாம் போய்விட்டன. ஆனால் போனவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு பாதியில் நின்றுவிடும். வட சென்னையின் தண்டையார்பேட்டையில் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை என்று அமைந்த வீடு எங்களுடையது. புதிதாக ஒரு பொருள் வந்தால் அதற்கு இடம் விட்டு இன்னொன்று நகர வேண்டும். ஆகையால் எது எதற்காக வந்தது என்பது எனக்கு ஓரளவு நினைவில் இருக்கும். உங்கள் கேள்வியைப் படித்தபின் கட்டிலுக்கு அடியிலும் பீரோவின் மேலும் பரணிலும் இருப்பவற்றைப் பார்த்தேன். திருப்பி அனுப்ப நேர்ந்தால் வேண்டியிருக்கும் என்று எடுத்துவைத்த அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. திருப்பி அனுப்பும் கெடு எப்போதோ கடந்துவிட்டது. எந்தக் கருவிக்கு உரியவை என்று யாருக்கும் தெரியாத சார்ஜர்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. ஆரி வேலை என்ற பூத்தையலைக் கற்றுக்கொள்ள மகள் வரவழைத்த சட்டமும் மணிகளும் பிரிக்காத உறையில் உள்ளன. கூடை பின்னும் என்னுடைய வயர்க் கட்டுகள், என் கணவரின் காலி மீன் தொட்டி, மகனின் உடற்பயிற்சிப் பட்டைகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு திரையைப் பார்த்த இரவில் வரவழைக்கப்பட்டவை.

நாளிதழையும் இவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நாளிதழ், வீட்டை விட்டு வெளியேறும் வழியோடுதான் வீட்டுக்குள் வந்தது. மாதம் முடிந்தால் பழைய பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுப்பார். கட்டிவைத்த கட்டை அவர் எடை போடுவார், எடையில் நாம் அவரோடு சண்டை போடுவோம், கிடைத்த சில்லறை அஞ்சறைப் பெட்டிக்குள் போகும். அந்தச் சாக்கில் உடைந்த வாளியும் ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரமும் அவரோடு போய்விடும். இரும்பாக இருந்தால் காயலான் கடைக்குப் போகும். நாளிதழை நிறுத்தியபின் எங்கள் தெருவில் அவர் குரல் அபூர்வமாகிவிட்டது, எடைக்குப் போட வேண்டிய மற்றவையும் வீட்டிலேயே தங்கிவிட்டன. பொருள் வருகிற வழி கைப்பேசிக்குள் அகலமாகத் திறந்திருக்கிறது. போகிற வழியில்தான் நெரிசல்.

5 ஜனவரி

பழி போட ஆள் தேடுகிறோமா என்று கேட்டீர்கள். சோம்பல் புதிதன்று. என் மாமனார் தூக்கத்துக்கு மூன்று தெருக்களில் பெயர் பெற்றவர். ஆனால் சோம்பேறியாக இருந்தவர் வீட்டுக்குப் பொருள் தானாக வந்து சேரவில்லை; வாங்க வேண்டுமானால் அவர் எழுந்து போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

7 ஜனவரி

பெரம்பூரிலிருந்து ஓர் ஐயா, "நாளுக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்று வரம்பு வைத்துக்கொண்டால் போதும்" என்று எழுதியிருக்கிறார். மணி நேரக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு. வீடு ஒழுங்காக இருந்த காலத்தில் அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் யாரும் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. உலை கொதிக்கும்வரை, குக்கர் அடங்கும்வரை, தண்ணீர் லாரி தெருமுனைக்கு வரும்வரை, கடைக்குப் போன பிள்ளை திரும்பும்வரை என்று நாள் முழுக்க இடுக்கு நேரங்கள் இருந்தன. குடங்களை வரிசையில் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பெண்கள் அந்த நேரத்தில்தான் அரிசியில் கல் பொறுக்கினார்கள், துணி மடித்தார்கள், கூடையில் இரண்டு சுற்று பின்னினார்கள். யாரும் அதை வேலை என்றும் சொல்லவில்லை, ஓய்வு என்றும் சொல்லவில்லை. இன்று அதே இடுக்குகளில் கை முதலில் போவது கைப்பேசிக்கு. மொத்தமாகக் கூட்டினால் பெரிய நேரமாகத் தெரியாமல் போகலாம். ஆனால் வீட்டைத் தாங்கிய நேரம் அதுதான்.

இர்வைனில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் குளோரியா மார்க், மக்கள் கணினியில் வேலை செய்யும்போது ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று அளந்துவந்தவர். 2004 வாக்கில் சராசரி ஏறக்குறைய இரண்டரை நிமிடமாக இருந்தது, பிந்தைய அளவீடுகளில் 47 நொடியாகச் சுருங்கியது. அது அலுவலகக் கணினியைப் பற்றிய கணக்கு, நம் அடுக்களைக்கு அதை அப்படியே கொண்டுவரக் கூடாது. என்றாலும் பரணில் ஏறி ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

8 ஜனவரி

பொழுதுபோக்கைப் பற்றி அதிகம் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வயர்க்கூடை, ஆகவே அதைச் சொல்கிறேன்.

சாதாரண முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று பின்னல்கள் பல. அம்மா எனக்குச் சாதாரண முடிச்சையும் நெல்லிக்காயையும் சொல்லிக்கொடுத்தார், சிவன் கண்ணைச் சொல்லிக்கொடுப்பதற்குள் காலமாகிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அதை ஒரு காணொளியில் பார்த்துத்தான் நான் கற்றேன். இணையம் எனக்குக் கொடுத்ததை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த முடிச்சு கைக்கு வந்த மறுவாரம் நடந்ததுதான் இங்கே பொருத்தமானது. அந்தக் கூடையை முடிப்பதற்குள் பத்துப் புதிய வடிவங்கள் திரையில் வந்து நின்றன. பூச்சாடி, மொபைல் பை, பிள்ளையார் உருவம் வரை வயரில் பின்னியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் 'பிறகு பார்க்க' என்று சேமித்தேன், சிலவற்றுக்கு நிறம் பார்த்து வயரும் வாங்கினேன். சேமிக்கும்போது ஒரு நிறைவு வருகிறது. பாதி பின்னிவிட்டதைப் போன்ற நிறைவு. அந்த நிறைவுதான் கெடுக்கிறது, ஏனென்றால் கூடையை முடித்தால் கிடைக்க வேண்டியது முடிக்காமலேயே கிடைத்துவிடுகிறது.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் என் வயர்க் கட்டுகளை அடைசல் என்று மகள் சொல்கிறாள். அவள் பார்வையில் அது சரி. எனக்கு அவை ஒவ்வொன்றும் தொடங்கப்போகும் ஒரு கூடை. நண்பர்கள் தங்கள் அடைசலைக் கிளறிப் பார்த்தால், வெறும் குப்பையைவிட இத்தகைய தொடங்காத, முடிக்காத வேலைகளே அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வீடு அடைபடுவதும் பொழுதுபோக்கு நின்றுபோவதும் இரண்டு தனித்தனிக் கேடுகள் என்று நாம் பேசிவருகிறோம். இரண்டும் ஒரே கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன.

8 ஜனவரி, பின்னிரவு

நான் சேமித்துவைத்திருக்கும் காணொளிகளை எல்லாம் பின்னி முடித்தால் தண்டையார்பேட்டை முழுவதற்கும் மார்க்கெட் கூடை கொடுக்கலாம், மீதியை வண்ணாரப்பேட்டைக்கு அனுப்பலாம்.

9 ஜனவரி

ராயபுரத்து வாசகர் ஒருவர், கண்டதை வாங்கும் ஆசை இணையத்தோடு பிறந்ததில்லை என்றும், மூர் மார்க்கெட்டில் அவர் தந்தை தேவையில்லாத பொருள்களை அள்ளிக்கொண்டு வருவார் என்றும் எழுதியுள்ளார். உண்மை. 1985 இல் எரிந்துபோன அந்தச் சந்தையில் பழைய புத்தகம், கிராமஃபோன் தட்டு, பறவை, பொம்மை என்று ஆசையைத் தூண்டக் குறைவே இருந்திருக்காது. ஆனால் அங்கே வாங்கியதைக் கையில் தூக்கிக்கொண்டு, கூட்டம் நெரியும் பேருந்தில் ஏறி, வீட்டு வாசலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி உள்ளே நுழைய வேண்டும். மூன்று தடைகள். 2010 இல் ஃபிளிப்கார்ட் பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் வசதியைத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் அந்த வழியைப் பின்பற்றின. வங்கி அட்டை இல்லாத வீடுகளுக்கும் கடை திறந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத் தரவின் விலையும் சரிந்தது. அம்மாவின் முகம் ஒன்றுதான் மிச்சம். எங்கள் வீட்டில் பொட்டலத்தைப் பெரும்பாலும் வாங்கிவைப்பவளே நான் என்பதால் அதுவும் வலுவிழந்துவிட்டது.

11 ஜனவரி

மீன் தொட்டியைப் பற்றி விளக்கமாக எழுதச் சொல்லிக் கொளத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொளத்தூர்க்காரர் கேட்டால் எழுதாமல் இருக்க முடியாது. வண்ண மீன் வணிகத்துக்கு அந்த ஊரைப்போல் பெயர் பெற்ற இடம் இந்த நகரத்தில் வேறில்லை.

என் மாமனார் மொட்டைமாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் கப்பி மீன்கள் வளர்த்தார். காலையில் ஒரு சிட்டிகை இரை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றுதல். அதற்கு மேல் அந்தத் தொட்டிக்கு எந்தச் செலவும் கிடையாது. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் முதல் நாளே ஒரு பக்கெட்டில் பிடித்து ஆறவிடுவார். தூக்கத்துக்குப் பெயர் பெற்றவர் என்று எழுதினேன் அல்லவா, இந்த ஒரு வேலையில் மட்டும் அவர் தவறியதில்லை.

என் கணவர் அந்த ஆசையைத் தந்தையிடமிருந்தும் அறிவைத் திரையிலிருந்தும் பெற்றவர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். அதற்கு எல்.இ.டி. விளக்கு, வடிகட்டி, மரக்கட்டை, தாவரம் நடும் மண், தண்ணீரைச் சோதிக்கும் திரவங்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும், ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், இந்தச் சுழற்சி நிலைபெறச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று அவர் எனக்கே பாடம் எடுத்தார்.

தொல்லை அந்த ஆறு வாரங்களில்தான். அப்போது தொட்டியில் பார்க்க எதுவும் இருக்காது; கலங்கிய தண்ணீரும் ஓடும் வடிகட்டியும் மட்டுமே. தந்தையின் காலத்தில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை, ஆகவே காத்திருந்தார்கள். என் கணவருக்கு வேறு வழி இருந்தது: கைப்பேசியில் ஜப்பானியத் தொட்டிகளும் பிரேசில் நாட்டு மீன்களும் அந்த நொடியிலேயே நீந்திக்கொண்டிருந்தன. தன்னுடைய கலங்கிய தொட்டியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிறர் தொட்டிகளைப் பார்த்தபடி அவர் அந்த வாரங்களைக் கழித்தார். அவருடைய தொட்டி தெளிந்தபோது, பார்த்த தொட்டிகளுக்கு அது ஈடாக இல்லை. மீன் வாங்கப்படவே இல்லை. தண்ணீர் வற்றியது, பிறகு சார்ஜர்கள் உள்ளே போயின, இப்போது அதன் மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி இருக்கிறது.

தம்பி, உங்கள் ஊர்க் கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். தொட்டியும் கருவிகளும் வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதம் இரை வாங்க வருகிறார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும்.

12 ஜனவரி

இது நோயா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. உலகச் சுகாதார அமைப்பின் ஐ.சி.டி. 11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் வீடியோ விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றிருக்கிறது, பொதுவான இணைய மிகைப்பயன்பாடு தனி நோயாகப் பெயரிடப்படவில்லை. பொருள்களைக் கழிக்கவே முடியாமல் சேர்த்துக் குவிக்கும் மனநிலை வேறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடு அதைத் தனிக் கோளாறாக வகைப்படுத்துகிறது. என் கட்டிலுக்கு அடியில் இருப்பது அந்த அளவுக்குப் போகவில்லை. உறக்கம், வேலை, படிப்பு மூன்றும் குலையும் அளவுக்கு ஒருவர் திரையில் சிக்கியிருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு இயங்குகிறது. இந்த இணைய உரையாடல் இழையில் நாம் பேசுவது அதற்குக் கீழே உள்ள, மருத்துவர் தேவைப்படாத, வீட்டுக்கு வீடு இருக்கும் நிலையைப் பற்றி.

நந்தனம் புத்தகக் காட்சி இன்றோடு முடிகிறது. அங்கே வாங்கியவற்றை அடைசலில் சேர்ப்பதா என்று யாரும் கேட்க வேண்டாம். அது தனி இழை.

13 ஜனவரி, போகி

விடியற்காலையில் சிறுவர்களின் போகி மேளம் தூங்கவிடவில்லை, ஆகவே எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒருநாள் வீட்டை உதறிப் போடும் வழக்கம் நமக்கு உண்டு. பழைய பாய், நைந்த துணி, துடைப்பம், முறம் என்று எரிக்கத்தக்கவையே அந்தக் காலத்தில் கழிந்தன. பிறகு டயரும் பிளாஸ்டிக்கும் தீயில் விழுந்தன; 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்ததால் மீனம்பாக்கத்துக்கு வந்த விமானங்கள் திருப்பிவிடப்பட்டதை நாம் பார்த்தோம்.

இன்று காலை எங்கள் தெருவில் எரிந்த குவியல் சிறியது. மக்கள் திருந்திவிட்டார்கள் என்று சிலர் மகிழ்ந்தார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எரிக்கத்தக்க பழையது வீட்டில் குறைந்துவிட்டது என்பதும் ஒரு காரணம். என் பையில் உள்ள சார்ஜர்களையும் கேபிள்களையும் நான் தீயில் போட முடியாது, போடவும் கூடாது. கேபிளின் மேலுறை பி.வி.சி. என்ற பிளாஸ்டிக், அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் கிளம்பும். செம்புக்காகக் கேபிளை எரிக்கும் நெடி எப்படியிருக்கும் என்பது வட சென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போகும் வண்டியில் இவற்றைப் போடவும் மனம் வரவில்லை. ஆக, போகிக்கும் அகப்படாத ஒரு வகை அடைசல் நம் வீடுகளில் உருவாகியிருக்கிறது.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துப் படங்கள் வந்து குவிந்து கைப்பேசியில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்துவிட்டது. கொருக்குப்பேட்டை நண்பரே, உங்கள் அலமாரி எங்கே போனது என்று இப்போது புரிகிறது.

16 ஜனவரி

வியாசர்பாடியிலிருந்து வந்த மறுப்பு வலுவானது, அதனால் அதில் சற்று நிற்கிறேன். பிள்ளைகள் கேரமையும் கால்பந்தையும் விட்டதற்கு இணையம் காரணமில்லை. தெருவில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன, மாடியில் வாடகை வீடு எழும்பிவிட்டது, விளையாட இடமில்லை, ஆகவே பிள்ளை திரைக்குள் போனான் என்கிறார். காரணத்தையும் விளைவையும் நான் தலைகீழாக வைக்கிறேன் என்பது அவர் வாதம்.

பாதி ஏற்கிறேன். எங்கள் வீட்டுக் கேரம் பலகை பீரோவுக்குப் பின்னால் நிற்பதற்கு முதல் காரணம், அதைப் படுக்க வைத்தால் நான்கு பேர் சுற்றி உட்கார இடமில்லாததுதான். விளையாடும் பரப்பு மட்டும் 74 சென்டிமீட்டர் சதுரம். சட்டத்தையும் முழங்கால்களையும் சேர்த்தால் கூடத்தில் பாதி போய்விடும். மாலையில் பலகையை வெளியே எடுத்துப்போய்த் தெருவிளக்கின் கீழ் ஸ்டூலில் வைத்து, போரிக் பவுடர் தூவி ஆடிய காலத்தில் அந்தப் பலகை அடைசலாகத் தெரிந்ததில்லை. தெரு போனபின் பலகை வீட்டுக்குள் வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே, முடிக்காத வேலைதான் அடைசல் என்று எட்டாம் தேதி எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும்: இடம் இழந்த விளையாட்டும் அடைசலாக மாறும்.

மறு பாதியை ஏற்க முடியவில்லை. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர், நெருக்கடியில் நம் தெருக்களுக்குக் குறைந்ததன்று. அங்கிருந்து போன காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களோடு திரும்பினார். இடம் குறைந்த பகுதியிலும் ஒரு பொதுவான அறை, ஒரு பலகை, தினமும் வந்து நிற்கும் ஆள்கள், தவறாகச் சுண்டினால் திட்டுவதற்கு ஒரு பெரியவர் என்று இருந்தால் ஆட்டம் பிழைக்கிறது. என் மகனும் கேரம் ஆடுகிறான், கைப்பேசியில். வெள்ளைக் காய்களை வரிசையாக விழுங்கவைக்கிறான். பவுடர் தூவிய பலகையில் ஸ்ட்ரைக்கரை எவ்வளவு அழுத்தத்தில் விட வேண்டும் என்பது அவன் விரலுக்குத் தெரியவில்லை என்பதைப் பொங்கல் விடுமுறையில் சித்தப்பாவிடம் தோற்றபோது கண்டுகொண்டான்.

19 ஜனவரி

காசிமேட்டிலிருந்து புறா வளர்க்கும் அன்பர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பந்தயப் புறாக்களின் வம்சம், மருந்து, பயிற்சி எல்லாவற்றையும் அவர் இணையக் குழுக்களில்தான் விசாரித்துக்கொள்கிறாராம். இணையம் இல்லாவிட்டால் தன் பொழுதுபோக்கே இல்லை என்கிறார். நல்லது. ஆனால் ஐயா, உங்கள் புறா விடியற்காலையில் இரை கேட்கும், கூண்டு நாறும், பறக்கவிட்டது திரும்பி வருகிறதா என்று நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உயிருள்ள ஒன்று உங்களை மாடிக்கு இழுக்கிறது, ஆகவே திரை உங்களுக்குக் கருவியாகவே நின்றுவிடுகிறது. என் வயர்க் கட்டுக்கு வாய் கிடையாது; ஆரிச் சட்டத்துக்கும் கிடையாது. பின்னாவிட்டால் அவை கத்தாது. வாயில்லாத பொழுதுபோக்குகள்தான் இணையத்திடம் முதலில் தோற்கின்றன என்று உங்கள் கடிதத்தைப் படித்தபின் தோன்றுகிறது.

இதற்கு என் கணவரின் மீன் தொட்டி எதிர்ச்சாட்சி என்று யாராவது சொல்வீர்கள். சொல்ல வேண்டாம், அந்தத் தொட்டிக்குள் வாயுள்ள எதுவும் வந்து சேரவே இல்லை.

23 ஜனவரி

பெரம்பூர் ஐயா மறுபடியும் நேர வரம்பைப் பற்றிக் கேட்கிறார், அதனால் முன்பு சொன்னதைச் சற்றுத் தளர்த்துகிறேன். தெருமுனையில் பிரவுசிங் சென்டர் இருந்த நாள்களில் வரம்பு தானாக இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், நேரம் முடிந்தால் கடைக்காரர் பின்னால் வந்து நிற்பார். கைப்பேசிக்கு அப்படி யாரும் வந்து நிற்பதில்லை. அதோடு, பக்கத்தின் அடிவரை போனால் அடுத்தது தானாக விரியும் முறையை 2006 இல் ஆசா ரஸ்கின் என்பவர் வடிவமைத்தார். பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். அதற்கு முன் அடுத்த பக்கம் என்று ஒரு பொத்தானையாவது அழுத்த வேண்டியிருந்தது, அழுத்துமுன் போதுமா என்று ஒரு கணம் யோசிக்க முடிந்தது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, கேரமில் கடைசிக் காய் உண்டு, கூடைக்குக் கைப்பிடி வைத்தால் முடிந்தது. முடிவே இல்லாத ஒன்றை நாள் முழுக்கப் பார்த்த கண்ணும் கையும், முடிவுள்ள வேலையில் பொறுமை இழப்பது இயல்புதான். ஆகவே வரம்பு வைப்பதானால் மணியால் வைக்காமல் வேலையால் வையுங்கள்: மூன்று சுற்று பின்னிய பிறகு, பரணில் ஒரு பெட்டியைத் தீர்த்த பிறகு, என்று. எனக்கு இது சில நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை. உடம்புக்கு முடியாத நாள்களில் சுத்தமாகப் பலிக்கவில்லை.

27 ஜனவரி

ஆண் வாசகர்கள் மட்டுமே இதுவரை அடைசலை ஒரு தத்துவப் பிரச்சினையாகப் பேசியிருக்கிறீர்கள் என்று திருவொற்றியூர் அக்கா ஒருவர் தனியாக எழுதினார். அவர் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். பொட்டலத்தை வரவழைப்பவர் யாராக இருந்தாலும் அதைப் பிரித்த இடத்திலிருந்து எடுத்து வைப்பவர் வீட்டில் ஒருவர்தான், அவர் பெண்தான். டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரு ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், இருவரும் வேலைக்குப் போகும் தம்பதியர் 60 பேரைத் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொன்னார்கள். அடைசல், முடியாத வேலை என்று பொருள்படும் சொற்களை அதிகம் பேசிய மனைவியரின் உடலில், நாள் போகப்போக இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு போதிய அளவு இறங்கவில்லை என்று 2010 இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. அங்கேயும் அடைசலோடு முடியாத வேலை சேர்ந்தே நிற்பதைக் கவனியுங்கள். அடுத்த ஊர்ப் பெண்ணின் உடம்பில் அளந்ததை நம் உடம்புக்கு எழுதிவைக்க முடியாது என்றாலும், அக்கா அதைப் படித்துவிட்டு, "அளக்காமலேயே எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் தன் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்: பொட்டலத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பிரித்து, அவரே அட்டையை மடித்து, அவரே கடையில் எடைக்குப் போட வேண்டும். முதல் மாதம் கதவருகே அட்டைகள் இடுப்பளவு சேர்ந்தனவாம். அவர் தொடவில்லை. அதன் பிறகு பொட்டலங்கள் வருவது குறைந்ததாம்.

2 பிப்ரவரி

அக்காவின் சட்டத்தை எங்கள் வீட்டிலும் அறிவித்தேன். மகள் ஆரிச் சட்டத்தை உறையைக்கூடப் பிரிக்காமல், வகுப்பில் சேர்ந்து கற்றுவரும் அவளுடைய தோழியிடம் கொடுத்துவிட்டாள். அங்கே அது வேலை செய்கிறது. என் வயர்க் கட்டுகளில் நிறம் பொருந்துபவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பக்கத்துத் தெருவில் கூடை பின்னி விற்கும் அம்மாவிடம் கொடுத்தேன், கொஞ்சம் வருத்தத்தோடுதான். சார்ஜர் பை இன்னும் இருக்கிறது. மின்னணுக் கழிவை முறையாக வாங்கிக்கொள்ளும் இடம் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதினால் பலருக்கும் பயன்படும். மீன் தொட்டியை விற்பதற்கு மட்டும் என் கணவர் சம்மதிக்கவில்லை. இந்த இழையை முழுவதும் படித்துவிட்டதாகவும், தன் தரப்பை விளக்கி நீண்ட மறுப்பு ஒன்று எழுதப்போவதாகவும் சொல்கிறார். மீன் வாங்கிய பிறகு எழுதட்டும்.